தண்டவாளத்துக்கு வடக்கே

கனடாவின் வின்னிபெக் நகரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு கிடக்கிறது ஒரு சரக்கு ரயில் யார்டு. சால்ட்டர் தெரு மேம்பாலத்தில் ஏறினால் கீழே வரிவரியாகத் தண்டவாளங்கள், நீளநீளமாய் வேகன்கள். பாலம் வடக்கே இறங்குமிடம் நார்த் எண்ட். இந்தப் புல்வெளி நகரம் யாரால் வளர்ந்தது என்று அறிய அங்கேதான் போக வேண்டும்.

1901இல் ஊரில் 42,340 பேர்; 1911இல் 1,36,035. மேற்கே நிலம் தேடிப் புறப்பட்டவர்கள் இங்கு ரயில் மாறினார்கள். உக்ரேனியர், போலந்துக்காரர், யூதர் எனப் பலர் இங்கேயே தங்கினார்கள். யார்டுக்கு வடக்கே வாடகை மலிவு, வேலையும் பக்கத்தில். ஒரே வீட்டில் பல குடும்பங்கள் நெருக்கியடித்து வாழ்ந்தன. 1914இல் பனாமா கால்வாய் திறந்ததும் சரக்கு கப்பலேறியது; நகரின் வேகம் தளர்ந்தது.

1960களின் இறுதியில் இங்குள்ள தையல் ஆலைகளுக்கு ஆள் போதவில்லை. பிலிப்பைன்ஸிலிருந்து பெண்களை வரவழைத்தார்கள். முதலில் வந்த அக்கா தங்கையை அழைத்தாள். தங்கை கணவனை அழைத்தாள். 1998இல் வின்னிபெக் இருக்கும் மானிடோபா மாகாணம் தனக்கு வேண்டிய குடியேறிகளைத் தானே பரிந்துரைக்கத் தொடங்கியதும் அந்தச் சங்கிலி இன்னும் நீண்டது. 2021 கணக்கெடுப்பில் நகர மக்கள்தொகை 7,49,607. ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பிலிப்பினோ. வீடுகளில் ஆங்கிலத்துக்கு அடுத்து அதிகம் பேசப்படுபவை டகாலோக்கும் பஞ்சாபியும்.

வந்தவர்களின் கதை இது. விரட்டப்பட்டவர்களைச் சொல்லாமல் விட்டால் கணக்கு பொய்யாகிவிடும். 1885 முதல் பூர்வகுடிகள் தங்கள் ஒதுக்கு நிலத்தைவிட்டு வெளியே போக அரசு ஏஜெண்டிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டியிருந்தது. நகரம் மும்மடங்கு பெருத்த அதே பத்தாண்டில்தான், 1907இல், வின்னிபெக்குக்கு வடக்கே செல்கிர்க் அருகே செழிப்பான வயல்களோடு இருந்த செயின்ட் பீட்டர்ஸ் பூர்வகுடி மக்களிடம் நிலத்தை எழுதி வாங்கிக்கொண்டு, அவர்களை வெகுதூரம் வடக்கே பெகுவிஸுக்கு அனுப்பினார்கள். அந்த ஒப்படைப்பு செல்லாது என்று கனடா அரசே பின்னாளில் ஒப்புக்கொண்டது. அதற்குள் தலைமுறைகள் போய்விட்டன.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு பூர்வகுடிகள் பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்தபோது கிடைத்த இடமும் நார்த் எண்ட்தான். இன்று நகரில் எட்டில் ஒருவர் பூர்வகுடி. கனடாவின் பெருநகரங்களில் இவர்கள் அதிகம் வாழ்வது இங்கேதான். சொந்த மண்ணில் குடியேறிகளைப் போல வாடகைக்கு வீடு தேடியவர்கள் அவர்கள்.

நகரின் தென்மேற்கே, பழைய ராணுவக் குடியிருப்பு இருந்த நிலத்தின் பெரும்பகுதி நீண்ட வழக்குக்குப் பிறகு ஏழு பூர்வகுடிச் சமூகங்களின் கைக்கு வந்தது. அது 2022 டிசம்பரில் ஒதுக்கு நிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கு நாவி ஊடெனா என்று அனிஷினாபே மொழியில் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த ஏழு சமூகங்களில் ஒன்று பெகுவிஸ்.