துயிலெழாத கணினி

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, இராணிப்பேட்டை முதலிய ஊர்களிலிருந்து வந்து பயிலும் நம் மாணவர்க்குத் தோல் பதனிடும் முறையை விரித்துரைக்க வேண்டுவதில்லை. பச்சைத் தோலானது ஊறவைத்தல், சுண்ணாம்பிடுதல், சதை நீக்குதல், குரோமிய உப்பிற் பதனிடுதல் எனப் பல படிகளைக் கடந்து, பல கைகள் மாறியே காலணிக்கு உதவுந் தகுதியைப் பெறுகின்றது. இடையில் ஒரு தோலிற் குறை காணப்படின் அனுபவமுள்ள மேஸ்திரி அதனை உடனே வீசியெறிவதில்லை. மயிர் நன்கு கழலாது நிற்குமாயின் சுண்ணாம்பிட்ட இடத்திற்குச் சென்று விசாரிப்பார். தடித்த பாகத்தை வெட்டி நோக்குங்கால் நடுவில் நீலம் ஏறாது வெளுத்திருக்குமாயின் பதனிடும் டிரம்மினிடம் செல்வார். குறையின் தோற்றமே அது பிறந்த படியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

லினக்ஸ் என்னும் இயங்குதளம் நிறுவப்பெற்ற கணினி, விசையை அழுத்திய பின்னும் எழாது கரிய திரையோடு நின்றுவிடும்பொழுது, நம்மவர் பெரும்பாலும் இந்த நிதானத்தை இழந்துவிடுகின்றனர். "அனைத்தையும் அழித்துப் புதிதாய்ப் போட்டுவிடலாம்" என்பதே கடைத்தெருவில் எளிதிற் கிடைக்கும் யோசனை. அவ்வாறு அழிவது இயங்குதளம் மாத்திரமன்று. மூன்றாண்டுப் பாடக்குறிப்புகளும், மறுவாரம் சமர்ப்பிக்கவேண்டிய ஆய்வேடும், வீட்டாரின் நிழற்படங்களும் உடன் அழியும். ஆனால் கணினி எழாதிருக்கும் நிலைமைகளுட் பெரும்பாலனவற்றில் இவையெல்லாம் வட்டில் இருந்தபடியே பத்திரமாய் இருக்கின்றன என்பதே நாம் முதற்கண் அறியவேண்டுவது.

1991ஆம் ஆண்டில் ஹெல்சிங்கி நகரத்து மாணவரான லினஸ் டார்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ், நம் மாகாணத்து மாணவர் கைக்குப் பெருவாரியாய் வந்தது அரசாங்கத்தின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால் எனலாம். 2011 செப்டம்பரில் தொடங்கிய அத்திட்டத்தில், எல்காட் நிறுவனத்தின் வழியாய் வாங்கி வழங்கப்பெற்ற கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இடம்பெற்றிருந்தது. பாஸ் என்பது டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு சீ-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையினர் ஆக்கியது. ஒரே வட்டில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருப்பது அக்காலம் முதல் நம்மிடையே சாதாரணமாயிற்று. ஒரு வாயிலை இரு குடும்பங்கள் புழங்கும் வீட்டில் என்னென்ன வழக்குகள் எழுமோ அவையும் உடன் எழுந்தன.

கணினி எழுவது ஒரே செயலன்று. மின்சாரம் பாய்ந்தவுடன் முதலில் விழிப்பது தாய்ப்பலகையில் உறையும் சிறு நிரல். பழைய கணினிகளில் அதன் பெயர் பயாஸ், புதியவற்றில் யூ.இ.எஃப்.ஐ. அது வட்டைத் தேடிக் கிரப் என்னும் துவக்கியிடம் காரியத்தை ஒப்படைக்கும். கிரப், லினக்ஸின் கருவாகிய கெர்னலையும் அதற்குத் துணையான இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு பொட்டலத்தையும் நினைவகத்தில் ஏற்றும். கெர்னல் அப்பொட்டலத்தின் உதவியால் மூலப் பகிர்வைக் கண்டு திறக்கும். பின்னர் சிஸ்டம்டி என்பது மற்றைச் சேவைகளை ஒவ்வொன்றாய் எழுப்பிப் பயனர் பெயர் கேட்கும் திரையைக் கொண்டுவந்து நிறுத்தும். கணினி நின்றுவிட்டதெனின், இவ்வொப்படைப்புகளுள் ஒன்று நிறைவேறவில்லை என்பது பொருள். திரையிற் கடைசியாய்த் தோன்றிய வரி எதுவோ அதுவே நாம் செல்லவேண்டிய இடத்தைச் சொல்லும். ஆகையால் அவ்வரியைக் கைப்பேசியிற் படம் பிடித்துக்கொண்ட பின்னரே வேறு எதனையும் தொடுக.

"நோ பூட்டபிள் டிவைஸ்" என்ற செய்தி மட்டும் வருமாயின் லினக்ஸின்மேற் குற்றமில்லை. துவக்கியே இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை. பழைய மேசைக்கணினியாயின் தாய்ப்பலகையிலுள்ள நாணயம் போன்ற மின்கலம் தீர்ந்து, அமைப்புகள் மறந்துபோயிருக்கலாம். தேதி பல ஆண்டுகள் பின்னே சென்றிருப்பது அதற்கு அடையாளம். லினக்ஸை ஒரு முறையில் நிறுவிவிட்டு மற்றொரு முறையில் எழுப்ப முயல்வதும் உண்டு. பயாஸ் முறையில் நிறுவியது யூ.இ.எஃப்.ஐ. முறையில் எழாது. அமைப்புத் திரையில் அதனை மாற்றினாற் போதும்.

"கிரப் ரெஸ்க்யூ" என்னும் சொற்களோடு திரை நிற்குமாயின், துவக்கியின் தலை மட்டும் விழித்து உடலைத் தேடுகின்றது என்று கொள்க. விண்டோஸிலிருந்து இடம் விரிவாக்கக் கருதி யாரேனும் ஒரு பகிர்வை அழித்திருப்பர். அல்லது பகிர்வுகளின் எண் மாறியிருக்கும். அங்கே எல்.எஸ். என்னும் கட்டளையால் பகிர்வுகளை ஒவ்வொன்றாய் நோக்கி, கிரப்பின் கோப்புகள் உள்ள பகிர்வைச் சுட்டிக்காட்டின் அம்முறை மட்டும் கணினி எழும். நிலையான பரிகாரம் வேறு. யூ.எஸ்.பி. குச்சியில் ஒரு லைவ் லினக்ஸை ஏற்றி அதன்வழிக் கணினியை எழுப்பி, பழைய மூலப் பகிர்வை இணைத்து, சீஎச்ரூட் கட்டளையால் அதனுட் புகுந்து, கிரப்-இன்ஸ்டால், அப்டேட்-கிரப் ஆகிய இரண்டையும் ஓட்டவேண்டும். அந்த லைவ் லினக்ஸும் நிறுவப்பெற்ற முறையிலேயே எழுந்திருத்தல் அவசியம்; இதனை மறந்து அரைநாளை வீணாக்குவோர் அநேகர்.

எதுவும் பழுதாகாதிருந்தும் கணினி எழாமற்போவதற்கு நல்ல உதாரணம் 2024 ஆகஸ்டு மாதத்தில் உலகெங்கும் நிகழ்ந்தது. செக்யூர் பூட் என்பது, முத்திரை பெற்ற துவக்கியை மாத்திரம் உள்ளே விடும் காவல். அம்மாதம் 13ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புதுப்பிப்பு, பழைய துவக்கிகளின் முத்திரை செல்லாது என்று காவலின் பதிவேட்டில் எழுதிவிட்டது. லினக்ஸும் உடனிருக்கும் கணினிகளில் அது செயற்படாதென்று கூறப்பட்டிருந்தும், பலவற்றிற் செயற்பட்டுவிட்டது. மறுநாள் லினக்ஸை எழுப்பியவர்கள் "எஸ்.பி.ஏ.டி. செல்ஃப்-செக் ஃபெயில்ட்" என்ற வரியைக் கண்டு திகைத்தனர். வட்டில் ஓரெழுத்தும் கெடவில்லை. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாய் அணைத்து, லினக்ஸினுள் புகுந்து, மோக்யூட்டில் என்னும் கருவியால் அப்பதிவை நீக்கி, துவக்கியைப் புதுப்பித்துக் காவலை மீண்டும் இட்டவர்க்கு எல்லாம் நேரானது. புதிதாய் நிறுவினோர் தம் கோப்புகளை வீணே இழந்தனர். விண்டோஸ் பகுதி பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்குமாயின், காவலை அணைக்குமுன் அதன் மீட்புத் திறவுகோலைக் கைவசம் வைத்துக்கொள்க.

கிரப்பைக் கடந்து, "கெர்னல் பேனிக்" என்ற பயங்கரச் சொற்களோடு, மூலப் பகிர்வை இணைக்க இயலவில்லை என்ற செய்தி வருவதுண்டு. பெயருக்கேற்ற பயங்கரம் இதில் இல்லை. புதுப்பிக்கும்பொழுது பூட் பகிர்வில் இடம் போதாமையால் புதிய கெர்னலுக்குரிய துணைப் பொட்டலம் அரைகுறையாய் நின்றிருக்கும். கிரப் பட்டியலில் "அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்" என்பதைத் திறந்து முந்தைய கெர்னலைத் தெரிந்துகொள்க, கணினி எழும். பிறகு வேண்டாத பழைய கெர்னல்களை நீக்கி இடஞ்செய்து புதியதன் பொட்டலத்தைக் கட்டிக்கொள்ளலாம்.

நம் பக்கத்தில் மிகுதியாய் வரும் வியாதி இனி வருவது. ஆண்டுகள் சென்ற மடிக்கணினியில் மின்கலம் செத்துவிடும்; சுவர்மின்சாரத்தையே நம்பி அதனை ஓட்டுவர். வேலை நடுவே மின்சாரம் நின்றால் வட்டில் எழுதிக்கொண்டிருந்தது பாதியில் அறுந்துபோம். இக்காலத்து இ.எக்ஸ்.டி.4 கோப்புமுறை, செய்யப்போவதை முன்னரே ஒரு குறிப்பேட்டிற் பதிந்துவைத்துப் பெரும்பாலும் தானே சீர்செய்துகொள்ளும். அதற்கும் மிஞ்சியபொழுது, "ரன் எஃப்.எஸ்.சி.கே. மேனுவலி" என்று கூறி இனிட்ராம்எஃப்எஸ் என்ற குறியோடு நின்றுவிடும். அங்கே பகிர்வின் பெயரோடு எஃப்.எஸ்.சி.கே. கட்டளையை இட்டு, கேட்கும் வினாக்களுக்கு இசைவு கூறி, மீண்டும் எழுப்புவதே பரிகாரம். இணைக்கப்பட்டுப் புழக்கத்திலிருக்கும் பகிர்வின்மீது இக்கட்டளையை ஒருக்காலும் ஏவலாகாது. ஆற்றவேண்டிய புண்ணை அது அகலமாக்கிவிடும்.

ஒன்றரை நிமிஷம் காத்திருந்து "எமர்ஜென்ஸி மோட்" என்று வருமாயின் எஃப்ஸ்டாப் கோப்பினை நோக்குக. கழற்றிவிட்ட வட்டொன்றின் பெயர் அதில் இன்னும் இருக்கும். திரை மாத்திரம் இருண்டு உள்ளே ஓசை கேட்குமாயின் கிரப்பில் "நோமோட்செட்" என்ற சொல்லைச் சேர்த்து எழுப்பிப் பார்க்கலாம்.

வட்டே "கடக் கடக்" என்று ஒலித்தாலோ, திரையில் "ஐ-ஓ எரர்" என்னும் வரிகள் மேன்மேலும் ஓடினாலோ, மேற்கூறிய சிகிச்சைகளுள் ஒன்றையும் தொடங்கலாகாது. எஃப்.எஸ்.சி.கே. ஓட்டுவதும் அங்கே தீங்கு. லைவ் லினக்ஸில் எழுந்து, பகிர்வை வாசிக்க மாத்திரம் இசைவு தந்து இணைத்து, ஆய்வேட்டை முதலிலும் மற்றவற்றைப் பின்னரும் வேறொரு வட்டிற் படியெடுத்துக்கொள்க. அது முடிந்தபின் அவ்வட்டைக் கழற்றிவிட்டுப் புதிய வட்டொன்றில் லினக்ஸை நிறுவலாம்.