உலக வங்கியில் யாருக்கு எத்தனை வாக்கு?



கேமரன் மலையில் நீரோட்டத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்கும் திட்டம். கெடா, பெர்லிஸ் சமவெளியில் ஆண்டுக்கு இரண்டு போகம் நெல் விளைய வழிசெய்த மூடா நீர்ப்பாசனத் திட்டம். பகாங் மாநிலத்தில் காடு திருத்திக் குடும்பங்களைக் குடியேற்றிய ஜெங்கா முக்கோணத் திட்டம். இம்மூன்றுக்கும் முறையே 1958, 1965, 1968 ஆகிய ஆண்டுகளில் கடன் கொடுத்து உதவியது உலக வங்கி. ஆகவே, அந்த வங்கி நமக்குத் தொடர்பில்லாத ஏதோ ஒன்று என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. ஒரு கையெழுத்தினால் காட்டை ஊராக்கவும், ஊரை ஏரியாக்கவும் வல்ல வங்கி அது. அதை நடத்துகிறவர் யார்? அவரைத் தேர்ந்தெடுப்பவர் யார்? அங்கே தவறு நேர்ந்தால் கேட்பவர் யார்? இவற்றையே இன்று பார்ப்போம்.

1944ஆம் ஆண்டு ஜூலை மாதம், இரண்டாம் உலகப் போர் ஓயுமுன்னரே, அமெரிக்காவின் பிரெட்டன் வுட்ஸ் என்னும் இடத்தில் 44 நாடுகளின் பேராளர்கள் கூடினார்கள். போரால் இடிந்த நாடுகளை எழுப்பவும், பின்தங்கிய நாடுகளை முன்னேற்றவும் ஒரு வங்கி வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அவ்வங்கியின் முதற்கடன் 1947இல் பிரான்ஸ் நாட்டுக்குப் போயிற்று. தொகை 25 கோடி அமெரிக்க வெள்ளி. பின்னர் ஆசிய, ஆப்பிரிக்க, தென்னமெரிக்க நாடுகளின் பக்கம் வங்கியின் கவனம் திரும்பியது. இன்று அதில் 189 நாடுகள் உறுப்பியம் பெற்றிருக்கின்றன.

உறுப்பியம் என்றதும் உங்களுக்குக் கூட்டுறவுச் சங்கம் நினைவுக்கு வரலாம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியதையும், பாட்டாளிகள் மாதா மாதம் சிறுகச் சிறுகப் பங்குப் பணம் கட்டியதையும் நம் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். கூட்டுறவின் அடிப்படை விதி என்ன? ஒருவருக்கு ஒரு பங்கு இருந்தாலும் நூறு பங்கு இருந்தாலும் வாக்கு ஒன்றுதான்.

உலக வங்கியில் அப்படியில்லை. அங்கே பங்குக்குத் தக்கபடி வாக்கு. அமெரிக்காவின் கையில் மட்டும் ஏறத்தாழ 16 விழுக்காடு வாக்குகள் இருக்கின்றன. வங்கியின் அமைப்பு விதியைத் திருத்த 85 விழுக்காடு வாக்கு வேண்டும். 100இலிருந்து 16ஐக் கழித்துப் பாருங்கள், மீதி 84. மற்ற எல்லா நாடுகளும் ஒன்றுபட்டு நின்றாலும், அமெரிக்கா தலையசைக்காமல் விதியில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற இயலாது.

"பணம் போட்டவருக்குத்தானே அதிகாரம்?" என்று சிலர் கேட்கலாம். அதிலும் நியாயம் உண்டு. செல்வ நாடுகள் பின்னால் நிற்பதால்தான் வங்கிக்கு உலகச் சந்தையில் குறைந்த வட்டிக்குப் பணம் கிடைக்கிறது. ஆனால், கடன் வாங்கும் நாடுகளும் சும்மா வாங்குவதில்லை. வட்டியுடன் திருப்பிக் கட்டுகின்றன. திட்டம் பிழைத்துப் போனால் அதன் துன்பமும் அந்நாட்டு மக்கள் தலைமேல்தான் விழுகிறது. ஆகவே, சுமை சுமப்பவருக்கும் குரல் வேண்டும் என்பது ஏழை நாடுகளின் நெடுநாளைய வாதம்.

தலைமைப் பதவியில் இந்த ஏற்றத்தாழ்வு இன்னும் தெளிவாகத் தெரியும். 1946 முதல் இன்றுவரை உலக வங்கியின் தலைவர்கள் அனைவரும் அமெரிக்கக் குடிமக்களே. அதன் உடன்பிறப்பான அனைத்துலக நாணய நிதியத்துக்குத் தலைவராக வருபவர் ஐரோப்பியர். 1966இல் தொடங்கி மணிலாவிலிருந்து இயங்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கோ எப்போதும் ஜப்பானியர். இப்படித்தான் இருக்க வேண்டும் என்று எந்த விதியிலும் எழுதப்படவில்லை. எல்லாம் வழக்கத்தில் வந்ததுதான்.

2012இல் அந்த வழக்கம் சற்றே அசைந்தது. நைஜீரியாவின் நிதியமைச்சர் இங்கோசி ஒகோஞ்சோ இவேலா அம்மையார் உலக வங்கித் தலைமைக்குப் போட்டியிட்டார். கொலம்பியாவின் ஒகாம்போவும் களத்தில் இறங்கிப் பின்னர் விலகினார். முடிவில் அமெரிக்கா முன்மொழிந்த ஜிம் யோங் கிம் வெற்றி பெற்றார். எனினும், இப்பதவிக்கு உண்மையான போட்டி நடந்தது அதுவே முதன்முறை. 2019இலும் 2023இலும் அமெரிக்கா முன்மொழிந்தவரைத் தவிர வேறு எவரும் நிற்கவில்லை. 2023இல் பதவியேற்ற அஜய் பங்கா இந்தியாவில் பிறந்தவர்தான். ஆயினும் அவரும் அமெரிக்கக் குடிமகனே.

சீர்திருத்தம் ஒன்றுமே நடக்கவில்லையா? நடந்தது; ஆனால், மெதுவாக. எந்த நாடாயினும் சமமாகப் பெறும் 'அடிப்படை வாக்கு' என்று ஒன்று உண்டு. காலப்போக்கில் மொத்த வாக்கில் அதன் அளவு 3 விழுக்காட்டுக்கும் கீழே தேய்ந்து போயிற்று. 2008இல் ஒப்புக்கொள்ளப்பட்ட சீர்திருத்தம் அதனை 5.55 விழுக்காடாக உயர்த்தியது. 2010இல் வளரும் நாடுகளின் மொத்த வாக்கு ஏறத்தாழ 47 விழுக்காட்டை எட்ட வழி செய்யப்பட்டது. ஆப்பிரிக்காவுக்கு மேலும் ஓர் இடம் தரப்பட்டு, நிர்வாக இயக்குநர் எண்ணிக்கை 25 ஆயிற்று. நமக்கு எத்தனை நாற்காலி என்கிறீர்களா? மலேசியா, சிங்கப்பூர், இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் உள்ளிட்ட 11 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு நாற்காலி!

இந்த வாக்குக் கணக்கு ஏழைக் குடும்பத்தை எவ்வாறு தொடுகிறது? இந்தியாவின் நர்மதை ஆற்றில் சர்தார் சரோவர் அணை கட்ட, 1985இல் 45 கோடி அமெரிக்க வெள்ளி கடனுக்கு உலக வங்கி இசைந்தது. அணை கட்டினால் மின்சாரமும் பாசன நீரும் ஓர் ஊருக்குப் போகும். வெள்ளம் வேறோர் ஊருக்குள் புகும். ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழக்கும் நிலை. பழங்குடி மக்களும் உழவர்களும் வருடக்கணக்கில் போராடினார்கள். வங்கியே அமைத்த மோர்ஸ் குழு 1992இல் அறிக்கை தந்தது. மக்களை மறுகுடியேற்றும் ஏற்பாட்டில் பெருங்குறைகள் உள்ளன என்று அது எடுத்துரைத்தது. 1993இல் எஞ்சிய கடன் வேண்டாம் என்று இந்திய அரசு விலகிக்கொண்டது. அணை வேலை மட்டும் நிற்கவில்லை. வேறு பணத்தில் தொடர்ந்து, 2017இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது.

ஆனாலும் அம்மக்களின் குரல் வீண்போகவில்லை. அதே 1993இல் உலக வங்கி ஓர் ஆய்வுக் குழுவை நிறுவியது. வங்கியின் திட்டத்தால் பாதிக்கப்பட்டோர் இருவர் சேர்ந்தாலே போதும். எந்த நாட்டிலிருந்தும் நேரே முறையிடலாம். திட்டத்தை நிறுத்தும் அதிகாரம் அக்குழுவுக்கு இல்லை. விசாரித்து இயக்குநர்களிடம் அறிக்கை வைக்கும். அதற்கு முன் அந்தக் கதவுகூட இல்லையே!

பழைய வங்கிகள் மெதுவாக அசைவதைக் கண்டு, புதியவையும் எழுந்தன. 2015இல் ஷாங்காயில் தொடங்கிய புதிய வளர்ச்சி வங்கியில், நிறுவிய ஐந்து நாடுகளுக்கும் சம வாக்கு. தலைமை அவற்றிடையே சுற்றி வரவேண்டும் என்பது ஏற்பாடு. 2016இல் பெய்ஜிங்கில் தொடங்கிய ஆசிய உள்கட்டமைப்பு முதலீட்டு வங்கியிலோ சீனாவுக்கு ஏறத்தாழ 26 விழுக்காடு வாக்கு. அங்கே முக்கிய முடிவுக்கு 75 விழுக்காடு வேண்டும். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். இடம் மாறினாலும் பூட்டு அதே பூட்டுத்தான்!

நேயர்களே, உலக வங்கியாயினும் சரி, நம் தோட்டத்துக் கூட்டுறவுச் சங்கம், தொழிற்சங்கம், கோயில் நிர்வாகம் எதுவாயினும் சரி, கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. வாக்கு யார் கையில்? தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை என்ன? பாதிக்கப்பட்டவர் போய் முறையிட இடம் உண்டா? அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்கு அழைப்பு வரும்போது, கணவனும் மனைவியுமாகச் சென்று இக்கேள்விகளைக் கேளுங்கள். பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள்.