தராசும் தட்டும்

கன்னிவாடிப் பக்கம் எண்பதுகளில் பிள்ளை வளர்த்த பெண்களிடம் ‘சத்துருண்டை’ என்று சொல்லிப் பாருங்கள். தராசைப் பற்றித்தான் முதலில் பேசுவார்கள். உருண்டையின் ருசி பிறகுதான் வரும். என் பெரியம்மாவும் அப்படித்தான். ‘ஏறலேன்னா நம்மளத் திட்டுவாங்க, ஏறிருச்சுன்னா உருண்டைய நிப்பாட்டிருவாங்க. எதுக்குச் சந்தோசப்படுறதுன்னே தெரியாது’ என்பாள். நலக்கொள்கை பற்றி நான் வாசித்த பல அறிக்கைகளைவிட இந்தப் பேச்சு கறாரானது. அதை விளக்கப் பார்ப்பதே இந்தக் கட்டுரை.

அவள் சொன்னது தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டத்தை. உலக வங்கிக் கடனில் 1980இல் அன்றைய மதுரை மாவட்டத்துக் கொட்டாம்பட்டி ஒன்றியத்தில் தொடங்கி ஆறு மாவட்டங்களுக்குப் பரவியது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985இல்தான்; அதுவரை கன்னிவாடியும் மதுரைக் கணக்கு. ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளை மாதாமாதம் நிறுக்க வேண்டும். அட்டையில் புள்ளி வைத்துக் கோடு இழுக்க வேண்டும். கோடு ஏறாமல் படுத்துவிட்ட குழந்தைக்கு மட்டும் 90 நாள் உருண்டை. தேறினால் நிறுத்தம். தாய்க்கு அறிவுரை மட்டும் தொடரும்.

இதிலுள்ள விஞ்ஞானம் பொய்யில்லை. ஆறு மாதத்திற்குமேல் தாய்ப்பால் மட்டும் போதாது. இரண்டு வயதுக்குள் தடைப்பட்ட வளர்ச்சியைப் பின்னால் ஈடுகட்டுவது கடினம். பிள்ளை மெலிந்திருப்பது கண்ணுக்குத் தெரியும் முன்பே தராசுக்குத் தெரிந்துவிடும். திட்டம் நடந்த இடங்களில் கடுமையான எடைக்குறைவு குறையவும் செய்தது. இதையெல்லாம் மறைத்து ‘ஏகாதிபத்தியச் சதி’ என்று ஒரு வரியில் முடித்துவிட்டுப் போவது நம் சிற்றேடுகளுக்குச் சுலபம். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சிக்கல் அந்தக் கோட்டில் இருக்கிறது. கோடு குழந்தையின் உடம்பை மட்டுமே பதிவு செய்கிறது. மழை பொய்த்து மூன்று வாரம் களையெடுப்பு இல்லாமல் போனதோ, ஊரணித் தண்ணீரில் வயிற்றுப்போக்கு வந்ததோ, ஏழு மணிக்கே காட்டுக்குப் போகிற தாய் கைப்பிள்ளையை எட்டு வயது மகளிடம் விட்டுப் போவதோ அட்டையில் ஏறாது. அட்டையில் இல்லாத காரணங்கள் கொள்கையிலும் இல்லாமல் போகின்றன. மிஞ்சுவது தாயின் ‘அறியாமை’. நிறுக்கும் நாளில் அவள் இழக்கும் அரைநாள் கூலியை யாரும் நிறுப்பதில்லை. பூக்கோ உடல்களின் மீதான அதிகாரம் என்று பேசியது நமக்குப் பாரீசுச் சமாச்சாரமாகத் தோன்றலாம். மேற்கே மலை தெரிகிற ஒரு வேப்பமரத்தில் தராசு தொங்கியபோது அது நம் ஊர்ச் சமாச்சாரமும் ஆயிற்று.

அதே ஊரில் வேறொரு தர்க்கமும் வேலை செய்தது. 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கினார். பொருளாதாரம் படித்தவர்கள் பலர் அதை ஓட்டுக்கான சோறு என்றார்கள். ஓட்டுக்காகவே இருக்கட்டும். அங்கே யாரையும் நிறுக்கவில்லை. தட்டோடு வந்து உட்கார்ந்தால் சோறு. முக்கியமாக, சோற்றில் வண்டு இருந்தால் அமைப்பாளரிடம் போய்ச் சத்தம் போட முடிந்தது. உருண்டைக்காக யாரும் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஒன்று சிகிச்சை, மற்றது பங்கு. சிகிச்சையை எப்போது நிறுத்துவது என்பதை நோயாளியிடமா கேட்பார்கள்? பங்கு குறைந்தால் ஊரே கேட்கும்.

‘இலக்கு’ என்ற சொல்லையே சந்தேகப்பட வேண்டும் என்று அமர்த்திய சென் எழுதியிருக்கிறார். இலக்கு குறிவைக்கப்படுவது, அது யோசிக்காது, எதிர்வினை செய்யாது. ஆனால் ஏழைகள் யோசிக்கிறார்கள். 1997இல் மத்திய அரசு ரேஷனை வறுமைக்கோட்டுக்கு மேலே, கீழே என்று பிரித்தபோது தமிழ்நாடு அதற்குள் போகாமல் பொது விநியோகத்தைப் பொதுவாகவே வைத்துக்கொண்டது. கோட்டை எங்கே இழுத்தாலும் அதன் ஓரத்தில் நிற்பவர்கள்தான் தவறிப்போவார்கள். கூலி வேலைக்காரர் ஒரே வருசத்தில் கோட்டுக்கு மேலும் கீழும் நான்கு முறை போய்வருகிறவர்.

இப்படிச் சொல்வதால் சத்துணவை நான் கோயிலாக்கவில்லை. ‘எல்லோருக்கும்’ என்ற சொல் சாதியைக் கரைத்துவிடாது. 2018இல் அவிநாசி அருகே ஒரு பள்ளியில் தலித் பெண் சமைக்கக் கூடாதென்று பெற்றோர்கள் தகராறு செய்தார்கள், அவரை இடம் மாற்றவும் செய்தார்கள். எதிர்ப்புக்குப் பிறகே வழக்குப் பதிவானது. இன்னொன்று, மதிய உணவு இரண்டு வயதுக்குக் கீழே போகவேயில்லை. தராசு சுட்டிக்காட்டிய வயது அதுதான். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய காலை உணவும் பள்ளிப் பிள்ளைகளுக்குத்தான். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் 25 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள்; பெண்களில் பாதிக்கு மேல் ரத்தசோகை. பள்ளிக்கூடத்து வாசலுக்கு வந்துசேரும் முன்பே நடந்துவிட்ட காரியம் இது. கைப்பிள்ளைக்காரிக்குக் கூலியோடு லீவும் குழாயில் நல்ல தண்ணீரும் கிடைப்பதை நாம் இன்னும் ஊட்டச்சத்துக் கொள்கை என்று அழைப்பதில்லை.

தராசு இப்போது செல்போனுக்குள் போய்விட்டது. 2021இல் வந்த போஷன் டிராக்கர் செயலியில் அங்கன்வாடி ஊழியர் எடையையும் உயரத்தையும் ஏற்றுகிறார். சிக்னல் கிடைக்காத இடத்தில் நின்று போனைத் தூக்கிப் பிடிக்கிறார். அறிவுரை சொல்லவாவது முன்பு நேரம் இருந்தது.

பெரியம்மாவின் மகளுக்கு 90 நாள் முடிகிற சமயம். கடைசியாக நிறுக்கப்போன காலையில் அவளுக்குக் கஞ்சி கொடுக்கவில்லை. அழுத பிள்ளையை அப்படியே தூக்கிப்போனாள். இதை அவள் என்னிடம் சொன்னது போன வருசம்தான், மகளுக்குப் பேரன் பிறந்து பார்க்கப்போன அன்று, மகள் அடுப்படிக்குப் போன பிறகு, குரலைத் தணித்து. ‘அரைக் கிலோ கொறஞ்சா இன்னும் கொஞ்ச நாளைக்குக் குடுப்பாங்கன்னு நெனச்சேன்’ என்றாள். கொடுத்தார்களா என்று கேட்டேன். ‘ஏறித்தான் இருந்துச்சு’ என்றாள்.