மாத்திரை வீட்டுக்கு வருகிறது, புரட்டிவிட ஆள் வருவதில்லை

பங்குனியில் கொன்னையூர் முத்துமாரியம்மன் திருவிழா முடிந்த கையோடு பொன்னமராவதியில் எனக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். காய்ச்சல், வயிற்றுப்போக்குக் கூட்டத்தைச் சொல்லவில்லை. சிங்கப்பூரிலிருந்தோ திருப்பூரிலிருந்தோ திருவிழாவுக்கு ஊர் வந்த மகன், கட்டிலில் கிடக்கும் அப்பாவின் போர்வையை விலக்கிப் பார்த்திருப்பார். மறுநாள் காலையில் வாடகைக் காரின் பின் சீட்டில் படுக்கவைத்துக் கொண்டுவருவார்கள். "முதுகுல சின்னதா ஒரு புண்ணு டாக்டர்" என்பார்கள். துணியைப் பிரித்தால் மேலே ஐந்து ரூபாய் நாணய அளவில் ஒரு கறுப்பு. அதை ஒதுக்கினால் என் விரல் முழுதாக உள்ளே போகிறது, நுனியில் எலும்பு தட்டுகிறது.

அவை பெற்றோரைக் கைவிட்ட வீடுகள் அல்ல. தலைமாட்டில் சுகர் மாத்திரை, பிரஷர் மாத்திரை, இரண்டு டப்பா சத்துமாவு, பெட்டி பெட்டியாகப் பேம்பர்ஸ், எதிரே டி.வி. எல்லாம் இருக்கும். மாதம் தவறாமல் பணமும் வரும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிவிட ஒரு கை மட்டும் இருந்திருக்காது.

பார்த்துக்கொள்வது வேறு, பராமரிப்பது வேறு

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பக்கவாதமும் நாலு நாளில் போகிற நோய்கள் அல்ல. வந்தவர் அவற்றோடு இருபது வருடம் வாழ்கிறார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்தில் ஒருவர் அறுபது வயதைத் தாண்டியவர். இது வரப்போகிறது என்று முன்பே கண்டு, மருத்துவர் வ.செ. நடராஜன் 1978-லேயே சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோருக்குத் தனிப் பிரிவு தொடங்கினார். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியபின் சுகர், பிரஷர் மாத்திரைகள் வாசற்படிக்கே வருகின்றன. பெரிய காரியம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதே திட்டத்தில் படுக்கையில் கிடப்பவரைப் பார்க்க நோய் ஆதரவுச் செவிலியரும், கை கால் விழுந்தவருக்குப் பயிற்சி தர இயன்முறை மருத்துவரும் வீடு தேடி வருவார்கள் என்பது நான் கேட்ட வீடுகளில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. மாத்திரை கொடுக்க வரும் சுகாதாரத் தன்னார்வலரிடம், "எங்க வீட்டுல ஒருத்தர் படுத்த படுக்கையா இருக்காரு" என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அதைச் சொல்ல வெட்கமாம். வீட்டில் சரியாகப் பார்க்கவில்லை என்று ஊர் பேசுமாம்.

புண்ணுக்கு நடக்கும் வைத்தியங்கள்

ஆழமான படுக்கைப் புண் பெரும்பாலும் வெளியிலிருந்து உள்ளே போவதில்லை. எலும்புக்கும் கட்டிலுக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்தம் ஓடாமல், உள்ளேதான் முதலில் சாகிறது. தோல் கடைசியில் சேதி சொல்கிறது. மேலே பூசும் எதுவும் பலிக்காததற்குக் காரணம் இதுதான். ஆனாலும் பூசுகிறார்கள். மஞ்சள், வேப்பெண்ணெய், காப்பித்தூள், முகத்துக்குப் போடும் பவுடர். ஒரு வீட்டில் அடுப்புச் சாம்பல். இவற்றை வழித்தெடுத்துச் சுத்தம் செய்யவே எனக்கு அரை மணி நேரம் ஆகிறது. அதற்குள் அந்தப் பெரியவர் போடும் சத்தத்தைக் கேட்டால் யாரும் காப்பித்தூள் டப்பாவைத் தொட மாட்டார்கள்.

படித்த வீடுகளில் ஸ்பிரிட், டெட்டால், பொங்கி வரும் ஹைட்ரஜன் பெராக்சைடு. நுரைத்தால் கிருமி சாகிறது என்று எண்ணம். புதிதாக வளர்ந்து வரும் சதையும் சேர்ந்து சாகிறது. சலைன் தண்ணீர் போதும். கொதித்து ஆறிய தண்ணீரும் போதும்.

"கட்டுப் போட்டா சீழ் புடிக்கும், காத்தாட விடுங்க" என்பது அடுத்தது. காய்ந்து பொருக்குத் தட்டிய காயத்தைவிட, மூடி ஈரப்பதத்தோடு வைத்த காயம் விரைவில் ஆறுகிறது என்று ஜார்ஜ் வின்டர் என்ற ஆய்வாளர் 1962-லேயே பன்றிகளின் தோலில் காட்டிவிட்டார். அறுபது வருடம் தாண்டியும் நம் ஊரில் புண்ணைத் திறந்துபோட்டு ஈ ஓட்டிக்கொண்டிருக்கிறோம்.

எனக்குப் பொறுமை போவது பத்தியத்தில்தான். முட்டை சாப்பிட்டால் சீழ் வைக்கும், மீன் கூடாது, பருப்பு கூடாது, கத்தரிக்காய் ஆகவே ஆகாது. மூன்று வேளையும் கஞ்சி, ரசம் சாதம். புண் ஆற சதை வளர வேண்டும். சதை வளரப் புரதம் வேண்டும். கஞ்சியில் எங்கே இருக்கிறது புரதம்? புண் உள்ள அறுபது கிலோ எடைக்காரருக்கு ஒரு நாளைக்கு எழுபது, எண்பது கிராம் புரதமாவது வேண்டும். ஒரு முட்டையில் ஆறு கிராம். கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் இந்த அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். மற்றவர்களுக்கு முட்டை, மீன், பருப்பு, பால், சுண்டல், வீட்டில் எது உண்டோ அதைக் கொடுங்கள்.

நடுவில் ஓட்டை வைத்த காற்று வளையம் மருந்துக் கடைகளில் தொங்கும். அதை வாங்காதீர்கள். புண்ணைச் சுற்றியுள்ள சதையை அது அழுத்தி, வரும் கொஞ்ச ரத்தத்தையும் தடுக்கும். ஏர் பெட் நல்லதுதான், ஆனால் அதைப் போட்டுவிட்டால் புரட்ட வேண்டாம் என்று யார் சொன்னது? சிவந்த இடத்தில் எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்ப்பதும் வேண்டாம். நைந்த சதை தேய்த்தால் இன்னும் நையும்.

உணர்ச்சியற்ற காலில் வைக்கும் சூடு

"கால் திகுதிகுன்னு எரியுது, மரத்துப் போச்சு" என்று அப்பத்தா சொன்னவுடன் பேத்தி உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுக்கிறாள். பாசம்தான். சர்க்கரையால் நரம்பு செத்த காலுக்குச் சூடு தெரியாது. தோல் வெந்து கொப்புளம் வந்தபிறகுதான் வீட்டுக்கே தெரியும். சித்திரை வெயிலில் கோயில் கல்தளத்தில் வெறுங்காலோடு சுற்றி வந்தவர்களின் உள்ளங்காலிலும் இதே கொப்புளத்தைப் பார்க்கிறேன். நேர்த்திக்கடனைக் காலை ஆறு மணிக்குச் செலுத்தினால் ஆத்தா கோபித்துக்கொள்ள மாட்டாள்.

தினமும் ராத்திரி பெரியவரின் உள்ளங்காலை விளக்கு வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். விரலிடுக்கையும் பாருங்கள். அவரால் குனிந்து பார்க்க முடியாது, பார்த்தாலும் கண் தெரியாது.

செட் மாத்திரையும் புறா ரத்தமும்

மூட்டு வலிக்கு மருந்துக் கடையில் "ஒரு செட்டு குடுங்க" என்று கேட்டு வாங்குகிறார்கள். வெள்ளை, மஞ்சள், சிவப்பு என்று நாலு மாத்திரை, காகிதத்தில் மடித்தது, பெயர் கிடையாது. பெரும்பாலும் அதில் டைக்ளோஃபெனாக் மாதிரி ஒரு வலி மாத்திரை இருக்கும், கூடவே ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். வலி பறந்துவிடும், அதனால்தான் மறுபடி கேட்கிறார்கள். ஒன்று சிறுநீரகத்தைத் தின்னும், இதயம் பலவீனமானவருக்குக் காலில் நீர் கோக்கவைக்கும். இன்னொன்று சர்க்கரையை ஏற்றிவிடும். வருடக்கணக்கில் செட் மாத்திரை சாப்பிட்டுவிட்டு, டயாலிசிஸ் என்று சொன்னவுடன் "அய்யா ஒரு கெட்ட பழக்கமும் இல்லாதவர் டாக்டர்" என்று அழுகிறார்கள். என்ன பதில் சொல்வது?

பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தேய்ப்பது இன்னும் நிற்கவில்லை. வாய் கோணினாலோ, ஒரு கை தொங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ 108-ஐக் கூப்பிடுங்கள். அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். இங்கிருந்து புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி சுமார் 40 கிலோமீட்டர். புறா பிடிக்கப் போன நேரத்தில் பாதி வழி போயிருக்கலாம்.

சிறுநீரகம் கெட்டவருக்குக் குளிர்ச்சி என்று இளநீர் கொடுப்பதையும் நிறுத்துங்கள். அதிலுள்ள பொட்டாசியத்தை அவர் உடம்பால் வெளியேற்ற முடியாது. இதயம் நின்றுபோகும் அளவுக்கு அது ஏறலாம்.

"ஆத்தாவுக்கு என்னமோ புடிச்சிருச்சு"

நேற்று வரை பேரன் பெயர் சொல்லிக் கூப்பிட்ட கிழவி இன்று ஆள் தெரியாமல் உளறுகிறாள், ராத்திரி முழுக்கத் தூங்காமல் சேலையை இழுத்துக்கொண்டிருக்கிறாள். வேப்பிலை அடித்து, மந்திரித்து, திருநீறு போட்டு, நாலாம் நாள் என்னிடம் வருகிறார்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுவோரும் உண்டு. மெல்ல மெல்ல வருடக்கணக்கில் வரும் மறதி வேறு. இரண்டே நாளில் வந்த குழப்பம் வேறு, அது உடம்பின் அவசர மணி. சிறுநீர்த் தொற்று, சர்க்கரை இறங்கியது, உப்புக் குறைந்தது, நிமோனியா, சில சமயம் வெறும் மலச்சிக்கல். முதியவருக்குத் தொற்று வந்தால் காய்ச்சல் அடித்தே ஆக வேண்டும் என்றில்லை.

இவற்றில் பல, தண்ணீர் குடிக்காததால் வருபவை. ராத்திரி எழுந்து போக வேண்டுமே, மருமகளைக் கூப்பிட வேண்டுமே என்று சாயங்காலத்தோடு தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். அந்தச் சங்கடத்தை அவர்களாகச் சொல்ல மாட்டார்கள். கட்டிலடியில் ஒரு கழிகலன் வைத்தால் தீர்ந்தது.

சர்க்கரை இறங்கி மயங்கியவர் வாயில் பாலோ சர்க்கரைத் தண்ணீரோ ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குப் போய்விடும். விழித்திருந்து விழுங்க முடிந்தால் மட்டும் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுங்கள். நினைவில்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-க்குச் சொல்லுங்கள்.

பரிசோதனை

சர்க்கரை உள்ள பெரியவருக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு, கிரியேட்டினின், சிறுநீரில் புரதம், வருடம் ஒருமுறை விழித்திரை. போதும்.

கெஞ்சித்தான் கேட்கிறேன்

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். கடிகாரம் பார்க்க முடியாதென்றால் டி.வி. பாருங்கள், நாலு நாடகத்துக்கு ஒரு தடவை. இடப்பக்கம், மல்லாக்க, வலப்பக்கம். முழுக்க ஒருக்களிக்க வேண்டாம், முதுகுக்குத் தலையணை கொடுத்துப் பாதி சாய்த்தால் போதும். இழுக்காதீர்கள், தோல் உரியும். அடியில் பழைய வேட்டியை நாலாக மடித்துப் போட்டு, இருவர் இரு பக்கமும் பிடித்துத் தூக்குங்கள். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விடுங்கள். துடைக்கும்போது பின்னிடுப்பை விரலால் தொட்டுப் பாருங்கள். நம் நிறத்துக்குச் சிவப்பு சட்டென்று தெரியாது. அந்த இடம் மட்டும் சூடாகவோ கெட்டியாகவோ இருந்தால் அன்றே காட்டுங்கள். அன்று வந்தால் பெரும்பாலும் மருந்தே இல்லாமல் சரியாகிவிடும் அய்யா. திருவிழா வரைக்கும் காத்திருக்காதீர்கள்.

படுத்தவாக்கில் ஊட்டாதீர்கள். உட்காரவைத்து ஊட்டுங்கள், அப்புறமும் அரை மணி நேரம் சாய்ந்தே இருக்கட்டும். சிறுநீர்க் குழாய் போட்டிருந்தால் அதன் பையை அவர் வயிற்றின் மேல் வைத்துத் தூக்காதீர்கள், எப்போதும் இடுப்புக்குக் கீழே தொங்கட்டும். பேம்பர்ஸ் நனைந்தால் மாற்றுங்கள். ஒன்றின் விலைக்குப் பார்த்து மறுநாள் வரை விடுகிறீர்களே, புண் வந்தால் ஆகும் செலவில் எத்தனை பெட்டி வாங்கலாம்! குளிர்பெட்டி இல்லாத வீட்டில் இன்சுலினை ஈர மணலுக்கு நடுவில் புதைத்த மண்பானையில் வையுங்கள். குளிர்பெட்டி இருந்தாலும் உறைபெட்டியில் வைக்காதீர்கள், உறைந்த இன்சுலின் வீண்.

நம் பக்கத்துப் பழைய வீடுகளின் ஆத்தங்குடிக் கல்லும் முழ உயர நிலைப்படியும் அழகுதான். ஈரக்காலோடு முற்றத்திலிருந்து ஏறும் எண்பது வயதுக்காரருக்கு அவை பொறி. சுவரில் ஒரு கைப்பிடிக் கம்பி அடித்துவிடுங்கள். இடுப்பு எலும்பு முறிந்தால் மாவுக்கட்டும் எண்ணெய்க்கட்டும் உதவாது. பெரும்பாலும் அறுவைச் சிகிச்சைதான், அதுவும் இரண்டு நாளுக்குள். தள்ளிப்போட்டால் அவர் கட்டிலிலேயே தங்குவார், அப்புறம் முதலில் சொன்ன முதுகுப் புண்.

பார்க்கிறவரை யார் பார்க்கிறார்கள்?

எழுபத்தாறு வயதுக் கணவரை எழுபது வயது மனைவி புரட்டுகிறார். இதுதான் இங்கே பெரும்பாலான வீடுகளின் நிலைமை. மகள் கட்டிக்கொடுத்த ஊரில், மகன் கடல் தாண்டி. பணம் அனுப்புகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அம்மாவுக்கு உதவியாக ஒரு பெண்ணை நாளுக்கு நாலு மணி நேரமாவது சம்பளத்துக்கு அமர்த்துங்கள். வீடியோவில் பேசும்போது அப்பாவின் முகத்தை மட்டும் பார்க்காமல், "போர்வையை விலக்குங்க, முதுகைக் காட்டுங்க" என்று கேளுங்கள்.

போன மாதம் ஓர் அம்மா, கணவருக்கு மாத்திரை எழுதி வாங்க வந்தார். அவருக்குப் புண் ஆறிக்கொண்டிருந்தது, இந்த அம்மாவின் கை வைத்தியத்தில்தான். சும்மா இருந்த நேரத்தில் அவர் கையிலும் பட்டையைச் சுற்றினேன். 190/110.

"உங்களுக்கு எத்தனை நாளா பிரஷர்?"

"எனக்கு யாரு பாத்தா டாக்டரய்யா? அவருக்குத்தானே வருவாங்க, கையை நீட்டுவாரு, பாத்துட்டுப் போவாங்க."

தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தேன். அதைக் கணவரின் மாத்திரைப் பையில், அவர் சீட்டுகளுக்கு அடியில் சொருகிக்கொண்டு, பன்னிரண்டு மணிக்கு அவரைப் புரட்ட வேண்டும் என்று பஸ்ஸுக்கு ஓடினார்.