காலுக்கு ஒரு கவசம்



தோட்ட வேலை என்றால் கைவேலை என்றே நாம் எண்ணுகிறோம். பால்மரத்தைச் சீவுவதும் செம்பனைக் குலையை அறுப்பதும் கைதான். ஆனால் புதருக்குள்ளும் சருகுக்குள்ளும் முதலில் நுழைவது கால். ஆகவே ஆபத்தை முதலில் சந்திப்பதும் அதுவே.

நல்ல பாதணி ஒன்று வாங்கிவிட்டால் போதும் என்று சிலர் நினைப்பதுண்டு. பாதணி பாதத்தைக் காக்கும். கணுக்கால் முதல் முழங்கால் வரையுள்ள பகுதியைக் காப்பது எது? அதற்கென்றே ஓர் உறை உண்டு. ஆங்கிலத்தில் அதனைக் கேய்ட்டர் என்பார்கள். நாம் கணைக்கால் உறை என்று சொல்லலாம். முற்காலத்தில் பட்டாளத்தாரும் போலீசாரும் நீண்ட துணிப் பட்டையைக் காலில் சுற்றிக் கட்டினார்கள். பட்டி என்ற இந்திச் சொல்லே அதற்குப் பெயராயிற்று. அது வெறும் அலங்காரம் அன்று. முள்ளும் பூச்சியும் சேறும் அண்டாமல் காத்தது.

உறை என்பது ஒன்றுதான். ஆனால் காலுக்குப் பகை பல. எந்த வேலைக்கு எப்படி அணிவது என்று அறிந்தால்தான் பயன் உண்டு.

முதலில் பாம்பைப் பார்ப்போம். பெர்லிஸ், கெடா, பினாங்கு முதலிய வடமாநிலங்களில் ஊலார் காப்பாக் போடோ என்ற விரியன் வகை உண்டு. போடோ என்றால் மடத்தனம் என்று பொருள். ஆள் நெருங்கினாலும் ஓடாமல் கிடந்த இடத்திலேயே கிடப்பதால் இந்தப் பெயர். அதன் நிறம் காய்ந்த சருகின் நிறம். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டப் போகிறவர் அதைக் காணாமல் மிதித்துவிடுவார். உடனே அது கடித்துவிடும். 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் பினாங்குப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் அலிஸ்டெர் ரீட் இத்தகைய கடிகளை விரிவாக ஆராய்ந்தார். பெரும்பாலான கடிகள் பாதத்திலும் கணுக்காலை ஒட்டியுமே விழுந்தன.

துணி பாம்புப் பல்லைத் தடுக்குமா என்று கேட்பீர்கள். முழுவதும் தடுக்கும் என்று சொல்ல முடியாது. ஆயினும் நஞ்சைக் குறைக்கும். 2009ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், மனித அவயவம் போன்ற பொம்மைக்கு ஜீன்ஸ் துணியைப் போர்த்திப் பாம்பைக் கடிக்கவிட்டார்கள். துணியில்லாத பொம்மையைவிட இதில் இறங்கிய நஞ்சு ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு குறைந்தது. உறை காலோடு ஒட்டாமல் சற்றுத் தளர்வாக இருப்பது நல்லது.

அடுத்த பகை கண்ணுக்கே சரியாகத் தெரியாதது. லாலான் புல்லிலும் புதரிலும் புள்ளியளவான சிற்றுண்ணிகள் இருக்கின்றன. இவை காலில் ஏறிக் கடித்தால் ஸ்கிரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சல் வரலாம். இரண்டாம் உலகப் போரின்போது பர்மாக் காடுகளில் இந்தக் காய்ச்சல் பட்டாளத்தாரை வாட்டியது. டைபியூட்டைல் தாலேட் என்ற மருந்தை அவர்களுடைய உடையிலும் கால் உறையிலும் தேய்க்கச் செய்தார்கள். இதனைக் குணப்படுத்தும் மருந்து 1948ஆம் ஆண்டு நம் கோலாலம்பூரில்தான் நோயாளிகளுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. இன்று டாக்சிசைக்கிளின் கொடுக்கிறார்கள். காடு, புதரில் வேலை செய்தவருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் கடுங்காய்ச்சலும் தலைவலியும் வந்து, உடம்பில் கருகிய வடு ஒன்றும் காணப்பட்டால், அதை மருத்துவரிடம் காட்டத் தவறாதீர்கள்.

உண்ணிக்கும் அட்டைக்கும் ஒரே விதி: காற்சட்டையின் முனையை நெருக்கமாக நெய்த காலுறைக்குள் செருக வேண்டும். அதன்மேல் உறையைக் கட்ட வேண்டும். இடைவெளி இருந்தால் அட்டை நுழைந்துவிடும்.

மருந்தடிக்கும் வேலைக்கோ இதற்கு நேர்மாறு. ரப்பர் பூட்ஸ் அணிந்து, காற்சட்டையைப் பூட்ஸுக்கு வெளியே விட வேண்டும். உள்ளே செருகினால் வழியும் மருந்து பூட்ஸுக்குள் இறங்கித் தேங்கி நிற்கும். மருந்தடிக்கும்போது துணி உறை கட்டவே கூடாது. அது மருந்தை உறிஞ்சிக்கொண்டு நாள் முழுவதும் தோலோடு ஒட்டியிருக்கும். பாராகுவாட் என்னும் கொடிய களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து மலேசியாவில் தடை செய்யப்பட்டுள்ளது. மற்ற மருந்துகளையும் விளையாட்டாக எண்ணக் கூடாது. மருந்தடித்தவரின் துணியைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள், தாய்மார்களே.

செம்பனைக் காட்டில் மட்டையின் முள் தடித்த கித்தானையும் துளைக்கக் கூடும். அங்கே உயரமான பூட்ஸே ஏற்றது. முள் குத்திய புண்ணைச் சோப்புப் போட்டுக் கழுவி மூடி வையுங்கள். எலி சிறுநீர் கலந்த ஈரத்திலிருந்து புண் வழியே எலிக் காய்ச்சல் தொற்றும். இயந்திரத்தால் புல் வெட்டுவோருக்குக் கல் தெறிக்கும். அவர்களுக்குத் துணி போதாது, கெட்டியான பிளாஸ்டிக் காப்பு வேண்டும்.

கழுத்தையும் மறந்துவிடக் கூடாது. குலை அறுக்கும்போது அண்ணாந்து பார்க்கிறோம். தூசியும் எறும்பும் முள்ளும் கழுத்துக்குள் விழுகின்றன. மெல்லிய பருத்தித் துணியைச் சுற்றி, முனைகளைச் சட்டைக்குள் செருகிவிடுங்கள். தொங்கவிட்டால் இயந்திரத்தில் சிக்கும். ஆனால் விழும் குலைக்குத் துணி காப்பு ஆகாது. அதற்குத் தலைக்கவசம் அவசியம்.

பால்மரக் காட்டுக்குத் தேவையான உறையை வீட்டிலேயே தைக்கலாம். பழைய ஜீன்ஸ் காற்சட்டையின் துணி ஏற்றது. இரண்டு மடிப்பாக வைத்து, முழங்காலுக்குக் கீழே தொடங்கிப் பாதணியின் மேல்வாயை மூடுமளவு வெட்டித் தையுங்கள். பாதத்துக்கு அடியில் செல்ல ஒரு வார் வையுங்கள். பக்கத்தில் நாடா வைத்தால் விரைவில் அவிழ்க்கலாம். உரச் சாக்கையோ மருந்துச் சாக்கையோ பயன்படுத்தாதீர்கள். தினமும் துவைத்து வெயிலில் காயவைப்பது அவசியம். ஈர உறை தோலில் படையை உண்டாக்கும்.

வீட்டில் தைக்கிறோம் என்பதால் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பு நீங்கிவிடாது. 1994ஆம் ஆண்டின் தொழிலிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின்படி முதலாளி வழங்க வேண்டிய பாதுகாப்புச் சாதனத்துக்குத் தொழிலாளியிடம் பணம் பிடிக்கக் கூடாது. கொடுத்ததை அணிவது தொழிலாளியின் கடமை. வேலையில் பாம்பு கடித்தாலும் முள் குத்திக் கால் வீங்கினாலும் அலுவலகத்தில் உடனே எழுதி வைக்கச் சொல்லுங்கள். சொக்சோ உதவி கேட்கும்போது அந்தப் பதிவு கைகொடுக்கும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. பாம்பு கடித்துவிட்டால் உறைத் துணியை அவிழ்த்து அதனாலேயே காலை இறுக்கிக் கட்டுகிற வழக்கம் தவறு. இரத்த ஓட்டம் நின்று கால் அழுகிப் போகலாம். கீறுவதும் உறிஞ்சுவதும் வேண்டாம். வீக்கம் ஏறுமுன் உறை, பாதணி, கொலுசு, மெட்டி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கடிபட்டவரை நடக்கவிடாமல் படுக்க வைத்து, காலை அசையாமல் ஒரு பலகையோடு தளர்வாகக் கட்டி, 999க்கு அழையுங்கள் அல்லது கிடைத்த வண்டியில் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். பாம்பைத் தேடிப் போக வேண்டாம்.

காலில் புண் ஆறும்வரை வீட்டில் உலை கொதிப்பது சிரமம் என்பதை நீங்கள் அறிவீர்கள். காலையில் உறையைக் கட்ட இரண்டு நிமிடம் போதும். நாளைக்கு வேலைக்குப் புறப்படும் முன் வீட்டிலுள்ளவர்கள் ஒரு வார்த்தை கேளுங்கள்: காலுக்கு உறை கட்டியாயிற்றா?