குளிருக்கு அஞ்சாத கிருமி

மார்கழி மாதக் காலையில் தேங்காய் எண்ணெய்ப் புட்டியைப் பாருங்கள். எண்ணெய் உறைந்து கட்டியாக இருக்கும். பக்கத்தில் இருக்கும் கடலை எண்ணெய் உறையாது. இது ஏன்?

எண்ணெயில் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. இவை கண்ணுக்குத் தெரியாத சிறு குச்சிகள் போன்றவை. தேங்காய் எண்ணெயில் நேரான குச்சிகள் அதிகம். விறகுக் கட்டில் நேரான குச்சிகள் நெருங்கி அடுங்கும் அல்லவா? அதுபோல இவையும் நெருங்கி அடுங்கும். குளிர்ந்தால் இறுகிவிடும். கடலை எண்ணெயில் வளைந்த குச்சிகள் அதிகம். வளைந்த குச்சிகளை இறுக்கிக் கட்ட முடியாது. நடுவே இடைவெளி விழும். அதனால் அது எளிதில் உறைவதில்லை.

கிருமியின் சவ்வு

பாக்டீரியா என்பது மிகச் சிறிய உயிர். அதன் உடலைச் சுற்றி மெல்லிய சவ்வு உண்டு. அந்தச் சவ்விலும் கொழுப்பு அமிலங்கள் இருக்கின்றன. சவ்வு வழியாகத்தான் உணவு உள்ளே வரும். கழிவு வெளியே போகும். குளிரில் சவ்வு இறுகினால் இந்த வேலை கெடும். சூட்டில் மிகவும் இளகினால் சவ்வு ஒழுகும்.

அப்போது கிருமி என்ன செய்யும்? குளிர் வந்தால் வளைந்த குச்சிகளை அதிகமாகச் செய்து சவ்வில் சேர்க்கும். சூடு வந்தால் நேரான குச்சிகளைக் கூட்டும். சவ்வு இறுகாமலும் ஒழுகாமலும் இருக்கும். நம் குடலில் வாழும் ஈ. கோலை என்ற பாக்டீரியா இப்படிச் செய்கிறது. 1962-ஆம் ஆண்டில் மார், இங்கிராம் என்ற இரு அறிவியலாளர்கள் இதை அளந்து காட்டினார்கள்.

பிரிட்ஜில் வளரும் கிருமி

லிஸ்டீரியா என்று ஒரு கிருமி உண்டு. இது குளிரில் நீளம் குறைந்த, கிளைவிட்ட குச்சிகளைச் சவ்வில் சேர்த்துக்கொள்ளும். அதனால் 4 டிகிரி குளிரிலும் மெல்ல மெல்லப் பெருகும்.

தென்னாப்பிரிக்காவில் 2017, 2018-ஆம் ஆண்டுகளில் இந்தக் கிருமி பரவியது. சூடாக்காமல் உண்ணும் பதப்படுத்திய இறைச்சியில் அது இருந்தது. 1,000 பேருக்கு மேல் நோயுற்றார்கள். 200 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் பச்சிளம் குழந்தைகளும் உண்டு.

கர்ப்பிணிகளுக்கு இந்த நோய் வந்தால் கரு கலையலாம். முதியவர்களுக்கும் ஆபத்து அதிகம்.

பிரிட்ஜ் பல கிருமிகளின் வளர்ச்சியைத் தடுக்கும். ஆனால் அவற்றைக் கொல்லாது. கொதிக்கும் சூட்டில் லிஸ்டீரியாவின் தந்திரம் பலிக்காது. அது செத்துவிடும்.

ஆகவே, நாம் செய்ய வேண்டியவை:

1. பாலைக் காய்ச்சியே குடியுங்கள்.

2. பிரிட்ஜில் வைத்த குழம்பை நன்றாகக் கொதிக்க வைத்து உண்ணுங்கள். வெதுவெதுப்பு போதாது.

3. பச்சை இறைச்சியையும் சமைத்த உணவையும் தனித்தனியே மூடி வையுங்கள்.

4. மீந்த உணவைப் பல நாள் வைத்திருக்காதீர்கள்.