வால்வு காலம் – 9: ஐந்து கட்டைக்குச் சற்று மேலே

நம் வீட்டு மின்சாரத்துக்கும் ஒரு சுருதி உண்டு. வினாடிக்கு 50 சுழற்சி என்பது ஐந்து கட்டைக்குச் சற்று மேலே, இரண்டு ஸ்தாயி கீழே ஒலிக்கும். அதன் இரட்டிப்பு 100. அதையும் இரட்டித்தால் 200. ஐந்து கட்டை ஷட்ஜமோ 196. ஆகவே ஐந்து கட்டையில் பாடும் பாடகிக்குப் பக்கத்தில் ஹம் அடிக்கிற ஆம்ப்ளிஃபயர் இருந்தால், அந்த 200 தம்புராவின் ஷட்ஜத்தோடு மோதி வினாடிக்கு நான்கு முறை அலையும். ஒரு கட்டையில் பாடுகிறவருக்கு அதே 200 பஞ்சமத்தின் மேல் வந்து விழும். தம்புராவை எத்தனை முறை சேர்த்தாலும் சுருதி நிற்காதது போலவே இருக்கும். பிழை தம்புராவில் இல்லை, கரண்டில் இருக்கிறது.

அமெரிக்காவில் 60 சுழற்சி. அங்கே ஹம் ஆறரைக் கட்டைக்கும் ஏழுக்கும் நடுவில் நிற்கும். நம் தென்மாநில மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்று நாட்டின் மற்றத் தொகுப்புகளோடு இணைந்தது. அதற்கு முன்பு, பற்றாக்குறைக் காலங்களில் 50 என்பது 49க்கும் கீழே இறங்கிய நாட்கள் உண்டு. சரியாக 49ல் நின்ற வேளையில் ஹம் அசல் ஐந்து கட்டையிலேயே நின்றிருக்கும். இன்று அதிர்வெண் 49.90க்கும் 50.05க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது விதி. ஹம்மின் சுருதி அசையாது என்பதால் அதைக் காதாலேயே இனம்காணலாம்.

இந்த வாரம் இதை எழுத வைத்தது ஒரு சின்ன கிட்டார் ஆம்ப்ளிஃபயர். தாராசுரத்தில், ஐராவதேஸ்வரர் கோயிலிலிருந்து சற்றுத் தள்ளி, பட்டுத் தறி ஓடும் ஒரு வீட்டில் அதைப் பார்த்தேன். ஒரு 12ஏஎக்ஸ்7, ஒரு 6வி6, ரெக்டிஃபயருக்கு ஒரு 5ஒய்3, எட்டு அங்குல ஸ்பீக்கர். 1950களின் பிற்பாதியில் வந்த ஃபெண்டர் சாம்ப் வகையில் இதே மூன்று வால்வுதான், ஐந்து வாட் அளவுக்குத்தான் சத்தம். “அண்ணே, வால்யூமை ஜீரோல வச்சாலும் கத்துதுண்ணே” என்றார் அந்த வீட்டு இளைஞர்.

அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி நோய் தெரிந்துவிட்டது. வால்யூமைக் குறைத்தால் ஹம்மும் குறைகிறது என்றால் கோளாறு வால்யூமுக்கு முன்னால்: கிட்டார், வயர், முதல் வால்வு. குறையவில்லை என்றால் பின்னால்: பவர் சப்ளை, அவுட்புட் வால்வு. செட்டை அணைத்து, முதல் வால்வைக் கழற்றிவிட்டு, மறுபடி செட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் ஹம் அப்படியே இருந்தால் அந்த வால்வு நிரபராதி.

அடுத்தது சுருதி. முழு அலை ரெக்டிஃபயர் என்பதால் ஃபில்டர் கண்டென்சர் வறண்டுபோனால் வருவது 100, கொஞ்சம் கரகரப்போடு. வால்வுகளின் ஹீட்டரிலிருந்தோ டிரான்ஸ்ஃபார்மரிலிருந்தோ நேராக ஏறுவது 50, கரகரப்பு இல்லாமல் அடியில் உருளும். தாராசுரத்து ஆம்ப் சொன்னது 100. தம்புரா கேட்டு வளர்ந்த காதுக்கு இரண்டு ஸ்தாயியைப் பிரித்தறிவது பெரிய வித்தையல்ல. ஸ்கோப் இல்லாத மெக்கானிக் இங்கே எதையும் இழக்கவில்லை என்பேன்.

ஃபில்டருக்கு வைக்கும் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சருக்குள் ஈரம் இருக்கிறது. தஞ்சாவூர் வெயிலில் பரணில் கிடந்தால் அது காய்கிறது, அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலமும் கெடுகிறது. அப்படிக் கிடந்த செட்டை எடுத்தவுடன் பிளக்கில் சொருகக் கூடாது. நம் ரேடியோ மெக்கானிக்குகள் வைத்திருந்த சீரிஸ் பல்பு போர்டுக்கு இன்றும் மாற்றில்லை. 60 வாட் குண்டு பல்பு பிரகாசமாக எரிந்து அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட் என்று பொருள்.

கண்டென்சரை மாற்றும்போது ஒரு தவறு பரவலாக நடக்கிறது. பழைய செட்டில் 8, 16 மைக்ரோஃபாரட் என்று இருக்கும். ‘பெரிசாப் போட்டா ஹம் போயிடும்’ என்று முதல் இடத்திலேயே 100 போடுகிறார்கள். 5ஒய்3 வால்வு முதல் கண்டென்சராகத் தாங்குவது 20 வரைதான். மீறினால் வால்வுக்குள் தீப்பொறி பறக்கும். பெரிதாக்க வேண்டுமானால் அதற்கு அடுத்த கண்டென்சர்களைப் பெரிதாக்கலாம். எல்லாமே 450 வோல்ட் தாங்குவதாக இருக்கட்டும்.

இரண்டு அவுட்புட் வால்வு கொண்ட பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபயர்களில் பவர் சப்ளை ஹம்மின் பெரும்பகுதி அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரிலேயே ஒன்றையொன்று அடித்துப் போகும். ஒற்றை வால்வில் அந்த வசதி இல்லை. ஸ்பீக்கரில் காதை ஒட்டிவைத்தால் மெல்லக் கேட்கிற ஹம் இந்தக் குட்டி ஆம்ப்களின் பிறவி குணம். அதையும் ஒழிக்கிறேன் என்று பணத்தைக் கொட்ட வேண்டாம்.

50 கேட்டால் ஹீட்டர் வயரைப் பாருங்கள். 6.3 வோல்ட்தான், ஆனால் 12ஏஎக்ஸ்7, 6வி6 இரண்டுக்குமாகச் சேர்த்து முக்கால் ஆம்பியர் ஓடுகிறது. இரண்டு வயரையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸ் ஓரமாக, கிரிட் வயருக்கு எட்டாத தூரத்தில் கொண்டுபோக வேண்டும். டிரான்ஸ்ஃபார்மரில் நடு டேப் இல்லையென்றால் இரு வயரிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டரைக் கிரவுண்டுக்குப் போட்டால் போதும்.

கிட்டாரைச் செருகியதும்தான் ஹம் வருகிறது என்றால் ஆம்ப்பைத் திறக்கவே வேண்டாம். ஒற்றைச் சுருள் பிக்அப், டியூப்லைட் சோக்கையும் டிரான்ஸ்ஃபார்மரையும் ஆன்டெனா போலப் பிடிக்கும். இதற்காகவே கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் 1955ல் இரண்டு எதிரெதிர்ச் சுருள்களை வைத்து ஹம்பக்கரை உருவாக்கினார். மின் மாண்டலின், காந்தப் பிக்அப் மாட்டிய வீணை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வீணையில் ஒட்டும் கான்டாக்ட் மைக் காந்தப் புலத்தைப் பிடிக்காது, ஆனால் ஷீல்டு சரியில்லாத வயர் வழியே 50ஐ உறிஞ்சும். எலக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டரை அணைத்துப் பாருங்கள், பாதி நேரம் ‘ஸ்ர்ர்’ அங்கேயே நின்றுவிடும்.

கடைசியாக எர்த். இதில் எனக்குச் சமரசம் கிடையாது. மூன்றாவது பின்னைக் கழற்றினால் சில சமயம் ஹம் உண்மையிலேயே குறையும். ஆம்ப்புக்கு ஒரு எர்த், பக்கத்து மிக்சருக்கு வேறொரு எர்த் என்று வளையம் ஏற்பட்டிருப்பதுதான் அதற்குக் காரணம். இரண்டையும் ஒரே போர்டில் சொருகினால் அந்த வளையம் பெரும்பாலும் போய்விடும். பின்னைப் பிடுங்கினால் ஹம் குறையும், ஆனால் ஆம்ப்புக்குள் ஏதாவது கசிந்தால் கிட்டார்க் கம்பி வழியே 230 வோல்ட் வாசிப்பவர் கைக்கு வரும். கோடையில் எர்த் குழி வறண்டால் எர்த் பலவீனமாகும். கரியும் உப்பும் போட்ட அந்தக் குழிக்கு வாரம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று எலக்ட்ரீஷியன்கள் சொல்வது வெறும் சம்பிரதாயம் இல்லை. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் பத்து, இருபது வோல்ட் காட்டினால் முதலில் வீட்டு வயரிங்கைச் சரிசெய்யுங்கள்.

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கும். ரெசிஸ்டர் வழியே இறக்கி, மீட்டரில் பார்த்த பிறகே உள்ளே கை வையுங்கள். இந்த வேலை பழகாதவர்கள், வால்வு செட் பார்த்த மூத்த மெக்கானிக் ஒருவரிடம் கொண்டுபோங்கள். கும்பகோணம் வட்டாரத்தில் மைக் செட் தொழிலில் இருந்தவர்களைக் கேட்டால் ஆள் காட்டுவார்கள். உங்கள் ஆம்ப்பின் பிளக்கில் மூன்றாவது பின் இல்லை என்றால், ஹம்மைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம், முதலில் அதை மாற்றுங்கள்.